கணக்கு மாத்திரையும் களைப்பு மாத்திரையும்

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மனநல மருத்துவமனையில் 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெடமின் மாத்திரை கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் அங்கே மருத்துவராக இருந்த சார்ல்ஸ் பிராட்லி. கவனத்தைப் பற்றி யோசித்து அவர் அதைக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் மூளையை எக்ஸ்ரே எடுப்பதற்காக முதுகுத்தண்டிலிருந்து நீரை வடித்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். அதன்பின் குழந்தைகளுக்குக் கடுமையான தலைவலி வரும். ஊக்கி மருந்து கொடுத்தால் நீர் சீக்கிரம் ஊறும், வலி குறையும் என்று பிராட்லி நினைத்தார். வலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 14 குழந்தைகள் பள்ளிப் பாடத்தில் திடீரென்று ஈடுபாடு காட்டினார்கள். அதுவரை முடியாத கணக்குகளைப் போட்டார்கள். குழந்தைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த 30 பேரில் 21 பேர் சிறுவர்கள், 9 பேர் சிறுமிகள். அந்த இல்லத்துக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு சிறுமிதான். ஏழு வயதில் மூளை அழற்சிக் காய்ச்சலால் முடங்கிப்போன எம்மாவின் பெயரில்தான் அவளுடைய பெற்றோர் தங்கள் சொத்தை எழுதிவைத்தார்கள்.

இன்று ஏ.டி.எச்.டி. என்று நாம் சொல்லும் கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டு நிலையின் மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து நேராக வகுப்பறையில் உட்கார மாட்டாமல் நெளிகிற பையனிடம் போய்விடுவார்கள். நான் அந்தப் பையனின் அம்மாவைப் பின்தொடர்ந்து போகிறேன். அவளுடைய அலமாரியிலும் அதே மாத்திரை இருந்தது. அவளுக்கு அது வேறொரு காரணத்துக்காக, வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

பாஸ்டன் நகரில் ஏப்ரகாம் மையர்சன் என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். 1920இல் அவர் எழுதிய நூலின் பெயரே 'நரம்புத் தளர்ச்சி கொண்ட இல்லத்தரசி' என்ற பொருள்படும். வீட்டு வேலையின் சலிப்பும் தனிமையும் பெண்களை எப்படி நோயாளிகளாக்குகின்றன என்று அதில் எழுதினார். தம் காலத்துக்கு அனுதாபமுள்ள மனிதர்தான். 1936 வாக்கில் அவரே பென்செட்ரினைச் சோர்வுக்கும் மகிழ்ச்சியின்மைக்கும் கொடுத்துப் பார்த்து அதன் ஆதரவாளரானார். ஊக்கி மருந்தையும் பார்பிட்டுரேட் வகை உறக்க மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் கூர்மையை மற்றது எப்படி மழுக்குகிறது என்றும் ஆராய்ந்தார். வீடு ஒரு பெண்ணைச் சோர்வடையச் செய்கிறது என்று கண்டுகொண்ட மருத்துவர், பதினாறு ஆண்டுகள் கழித்து அந்தச் சோர்வுக்கு மாத்திரையோடு வந்து நின்றார். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மருத்துவரின் கையில் எழுதிக் கொடுப்பதற்கு இருந்தது மாத்திரைதான். வீட்டை மாற்ற அவரால் சீட்டு எழுத முடியாது.

ஊக்கியும் உறக்கமூட்டியும் சேர்ந்த அந்தச் சேர்க்கை 1950இல் கடைக்கு வந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்மித், கிளைன் அண்ட் பிரெஞ்ச் நிறுவனம் டெக்சாமில் என்ற மாத்திரையை வெளியிட்டது. ஒரு மாத்திரைக்குள் 5 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெடமின், 32 மில்லிகிராம் அமோபார்பிட்டல். முன்னது எழுப்பும், பின்னது அடக்கும். மனச்சோர்வும் பதற்றமும் ஒருசேர இருக்கும் நோயாளிக்கு உகந்தது என்று மருத்துவர்களிடம் விற்றார்கள். உடல் எடையைக் குறைக்கவும் அதையே விற்றார்கள். மனநிலை, இடுப்பளவு இரண்டுக்கும் ஒரே குப்பி. இன்று நாம் பேசுகிற கூட்டு மருத்துவத்தின் முன்னோடி இதுதான் என்றால் மருந்தியலாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் 'எழுப்பும் மருந்து பதற்றத்தைக் கூட்டினால் என்ன செய்வது?' என்ற கேள்வி இன்றும் அதே கேள்விதான். அதற்கு அன்று கிடைத்த பதில், பதற்றத்தை அடக்குவதையும் அதே மாத்திரைக்குள் வைத்து மூடிவிடுவது.

அதே நிறுவனம் தன் டெக்செட்ரின் மாத்திரைக்கு 1950களில் மருத்துவ இதழ்களில் கொடுத்த விளம்பரம் ஒன்றை நான் வகுப்பில் மாணவிகளுக்குக் காட்டுவதுண்டு. இந்தப் பெண் ஏன் களைத்திருக்கிறாள் என்று விளம்பரம் மருத்துவரைக் கேட்கிறது. உங்களிடம் வரும் இல்லத்தரசிகளில் பலர் சலிப்பூட்டும் அன்றாட வேலைச் சுமையின் கீழ் நசுங்கி மனத்தளவில் களைத்துப் போகிறார்கள் என்று அதுவே பதிலும் சொல்கிறது. பிறகு மருந்தைப் பரிந்துரைக்கிறது. பெட்டி ஃப்ரீடன் 1963இல் பெயரில்லாத நோய் என்று எதை எழுதி ஒரு தலைமுறையையே உலுக்கினாரோ, அதை மருந்துக் கம்பெனி முன்னமே தெரிந்துவைத்திருந்தது. காரணம் தெரியாததால் மாத்திரை கொடுத்தார்கள் என்று நான் நீண்ட காலம் நம்பிக்கொண்டிருந்தேன். காரணத்தை விளம்பரத்திலேயே அச்சிட்டுவிட்டுத்தான் மாத்திரையை விற்றிருக்கிறார்கள்.

டெக்சாமில் பிரிட்டனில் டிரினாமில் என்ற பெயரில் விற்றது. சூயஸ் நெருக்கடியின்போது பிரதமர் ஆண்டனி ஈடனே அதை எடுத்துக்கொண்டிருந்தார். 1960களின் தொடக்கத்தில் லண்டன் இரவு விடுதி இளைஞர்களிடம் அது 'ஊதா இதயம்' என்ற பட்டப்பெயரில் புழங்கியதும் பத்திரிகைகள் கூச்சலிட்டன, 1964இல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கிலோ, பிராண்டன் என்ற இரு மருத்துவர்கள் நியூகாசில் நகரில் ஆம்ஃபெடமின் பழக்கத்தை ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். அங்கே அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதியில் ஆடும் இளைஞர்கள் அல்லர். குடும்ப மருத்துவரிடம் முறையாகச் சீட்டு வாங்கிய நடுவயதுப் பெண்கள். அவர்களுக்காக யாரும் கூச்சலிடவில்லை.

இந்த இடத்தில் ரீட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1944இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் என்ற பொருளை உருவாக்கினார். தானே விழுங்கிப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவி மார்கரித்துக்குக் குறைந்த ரத்த அழுத்தம். டென்னிஸ் ஆடுவதற்கு முன் அவர் எடுத்துப் பார்த்தார், ஆட்டம் மேம்பட்டது. அவருடைய செல்லப் பெயர் ரீட்டா. மருந்துக்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது இப்படித்தான். முதலில் களைப்புக்கும் சோர்வுக்கும் விற்கப்பட்ட ரிட்டாலின் 1960களில் துறுதுறுப்பான குழந்தைகளுக்கான மருந்தாயிற்று. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பையன்கள். ஒரு பெண்ணின் உடலில் பலன் தெரிந்து, ஒரு பெண்ணின் பெயரைச் சூடிக்கொண்ட மருந்து, பெண்களின் கவனத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்காமலேயே பல பத்தாண்டுகள் எழுதப்பட்டது. ஒரே வீட்டில் மகனுக்கு ரிட்டாலின், அம்மாவுக்கு டெக்சாமில். இரண்டும் ஊக்கி மருந்துகள்தாம். மகனுக்கு வகுப்பில் கவனம் வேண்டும் என்பதற்காக; அம்மா சிரித்த முகத்தோடு பாத்திரம் கழுவ வேண்டும் என்பதற்காக. அந்த அம்மாக்களில் சிலருக்கும் மகனுக்கிருந்த அதே நிலை இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை.

மருந்தும் மருந்தும் உடம்புக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்ற அறிவு எப்படி வந்தது என்பதிலும் ஒரு மனைவி இருக்கிறார். 1957இல் மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் ஒரு வகை, உடம்பில் மோனோஅமீன்களைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது. 1963 வாக்கில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இளம் மருத்துவரான பாரி பிளாக்வெல், அந்த மருந்தை எடுக்கும் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறித் தலை பிளக்கும் வலி வருவதைப் பற்றி லான்செட் இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நாட்டிங்ஹாமிலிருந்து ரோ என்ற மருந்தாளுநர் அவருக்குக் கடிதம் எழுதினார். தன் மனைவிக்கும் அதே வலி வருவதாகவும், சீஸ் சாப்பிட்ட பிறகுதான் வருவதாகவும் அதில் சொல்லியிருந்தார். அவ்வளவு வீரியமான மருந்துக்கு முன்னால் சமையலறைச் சீஸ் என்ன செய்துவிடும் என்று முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் சீஸில் இருக்கும் டைரமின் அந்த மருந்தோடு சேரும்போது ரத்த அழுத்தத்தை உயிராபத்து வரை ஏற்றும் என்பது நிரூபணமாயிற்று. ஊக்கி மருந்துகளும் அந்த வகை மருந்தோடு சேரக் கூடாது, இரண்டுக்கும் நடுவே 14 நாள் இடைவெளி வேண்டும் என்ற இன்றைய விதிக்குப் பின்னால் இருப்பதும் இதே ஆபத்துதான். வலியையும் சீஸையும் ஒரே உடம்பில் அனுபவித்த அந்தப் பெண் மருத்துவ வரலாற்றில் 'ரோவின் மனைவி' என்றே இருக்கிறார்.

1971இல் அமெரிக்கா ஆம்ஃபெடமினையும் மெத்தில்ஃபெனிடேட்டையும் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அம்மாக்களின் அலமாரியில் அவற்றின் இடத்தை, ஏற்கெனவே அங்கு குடியேறியிருந்த வேலியம் முழுதாகப் பிடித்துக்கொண்டது. எழுப்பும் பாதி போய் அடக்கும் பாதி மட்டும் மிஞ்சியது என்று சொல்லலாம். அதன் பின்னர் 1980களின் இறுதியில் ஃப்ளூஆக்செட்டின் வந்தது, அதன் உறவுக்கார மருந்துகள் வந்தன.

கவனத்தின் கதை இன்னொரு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ் 1970களின் தொடக்கத்தில், இந்தக் குழந்தைகளின் சிக்கல் துறுதுறுப்பைவிடக் கவனத்தை நிறுத்திவைக்க முடியாமையில்தான் இருக்கிறது என்று காட்டினார். 1980இல் அமெரிக்க மனநலக் கையேடு, துறுதுறுப்பு இல்லாமலும் கவனக்குறைவு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த சிறுமிகளுக்குக் கதவு திறந்தது அன்றுதான். 1976இல் யூட்டாவில் பால் வெண்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெரியவர்களிடமும் இந்த நிலை தொடர்கிறது என்று 15 பேரை வைத்துச் சிறிய ஆய்வொன்றை வெளியிட்டிருந்தார்கள். 1995இல் சாரி சோல்டன் என்ற உளச்சிகிச்சையாளர் இந்த நிலையிலுள்ள பெண்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். கலைந்து கிடக்கும் வீடும் அதை ஒளிக்கிற வெட்கமும்தான் அதன் மையம். இதற்கெல்லாம் பிறகுதான் நடுவயதுப் பெண்கள், பலர் தங்கள் மகனுக்கு நோய் கண்டறியப்பட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோதே, தங்களையும் அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கினார்கள்.

அப்படி வந்த பெண் வெறுங்கையோடு வரவில்லை. 2006இல் ரொனால்ட் கெஸ்லர் குழு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வயதுவந்தோரில் 4.4 விழுக்காட்டினருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. அவர்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறும், 47 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறும் அந்த ஓராண்டுக்குள் இருந்தன. பெரும்பாலான பெண்கள் முதலில் இந்த இரண்டுக்காகத்தான் மருத்துவரைப் பார்க்கிறார்கள். அழுகிறாள் என்றால் மனச்சோர்வு, தூங்கவில்லை என்றால் பதற்றம். கவனம் என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஆகவே அவளுடைய மருந்துச் சீட்டிலுள்ள கூட்டு ஒரே நாளில் யோசித்து எழுதப்பட்டதன்று. அவளை மருத்துவம் எந்த வரிசையில் பார்த்ததோ அந்த வரிசையில் படிந்தது.

நான் தமிழ் படித்தவள். இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு நன்னூல் நடத்தும்போது, நிலைமொழி வருமொழி என்று கரும்பலகையில் எழுதுவேன். முன்னமே நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. பொன் மலையோடு சேர்ந்தால் பொன்மலை, எதுவும் மாறவில்லை. பொன் குடத்தோடு சேர்ந்தால் பொற்குடம், நின்றது திரிந்துவிட்டது. மருந்துகளும் ஏறக்குறைய இப்படித்தான் புணர்கின்றன. இன்று புழக்கத்திலுள்ள எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்தும் மெத்தில்ஃபெனிடேட்டும், ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பெரிய சிக்கலில்லாமல் சேர்கின்றன. ஆனால் பரோக்செட்டின், ஃப்ளூஆக்செட்டின், புப்ரோப்பியான் மூன்றும் கல்லீரலிலுள்ள சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதியைத் தடுப்பவை. ஏ.டி.எச்.டி.க்கான அடமாக்செட்டின் உடம்பைவிட்டு வெளியேற நம்பியிருப்பது அந்த நொதியைத்தான். கதவை ஒன்று மூடிவிட்டு மற்றதை உள்ளே விட்டால், அடமாக்செட்டின் ரத்தத்தில் பல மடங்கு தேங்கும்.

இது எனக்கு நடந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு என்று சொல்லி எனக்குப் பரோக்செட்டின் எழுதப்பட்டது. பதினோரு ஆண்டுகள் எடுத்தேன். அழுகை நின்றது. விடைத்தாள்களைத் தொலைப்பது, பாதியில் விட்ட கவிதைகள், அடுப்பில் கருகிய பால், ஒப்படைக்கும் கடைசி நாளை மறந்து துறைத்தலைவர் முன் தலைகுனிவது எதுவும் நிற்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் வேறொரு மருத்துவர் என் பள்ளி மதிப்பெண் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். வருடா வருடம் ஒரே குறிப்பு: புத்திசாலி, கவனம் போதாது. அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "டாக்டர் பட்டம் வாங்கினவளுக்குக் கவனம் இல்லையாம், நல்லா இருக்குடி கதை" என்றார்.

இந்தியாவில் ஆம்ஃபெடமின் வகை மருந்துகள் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லாக் கடைகளிலும் வைப்பதில்லை. அடமாக்செட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மனச்சோர்வுக்கான மருந்தாகத் தொடங்கி, அதில் தேறாமல், 2002இல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்கு அனுமதி பெற்றது. எனக்கு எழுதப்பட்டது அதுதான். 40 மில்லிகிராமில் தொடங்கி ஒரே வாரத்தில் 80. நெஞ்சு படபடத்தது, வாய் உலர்ந்தது, சோறு இறங்கவில்லை, மூன்று இரவுகள் தூக்கமில்லை. பழைய மருத்துவரிடம் ஓடினேன். பதற்றம் கூடியிருக்கிறது என்று குளோனசெபாம் சேர்த்தார். எழுப்புவது ஒன்று, அடக்குவது ஒன்று. எனக்கென்று தனியாக ஒரு டெக்சாமில் தயாராகிவிட்டது.

மருந்தியல் படிக்கும் என் அண்ணன் மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, இது ரெண்டையும் சேர்த்து யார் பார்த்தாங்க?" யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மனச்சோர்வைப் பார்த்தார், ஒருவர் கவனத்தைப் பார்த்தார். 2டி6 நொதியைத் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு அடமாக்செட்டின் அளவை நான்கு வாரம் பொறுத்து, தேவையென்றால் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. என் உடம்பு சரியாகத்தான் புகார் சொல்லியிருக்கிறது. அதைப் பதற்றம் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நாளைக் காலை நிறுத்திவிட வேண்டாம். பரோக்செட்டினைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் படுத்தி எடுக்கும். எனக்கு அதைப் படிப்படியாகக் குறைக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.)

இப்போது என்னைப் பார்க்கும் மருத்துவர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுகிறார். எது கடுமையாக இருக்கிறதோ அதை முதலில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்பது அவர் முறை. சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கவனம் காத்திருக்கலாம் என்றார். மனநிலை எப்போதாவது அளவுக்குமீறி ஏறியதுண்டா, இரண்டு மணிநேரத் தூக்கத்தோடு நாள்கணக்கில் உற்சாகமாக இருந்ததுண்டா என்று என்னிடமும் கணவரிடமும் தனித்தனியே கேட்டார். இருமுனைக் கோளாறு உள்ளே இருந்தால் மனச்சோர்வு மருந்தும் ஊக்கி மருந்தும் அதைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால்.

அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மாத்திரை வேலையே செய்வதில்லையே, ஏன்? அவர் சிரித்துவிட்டு, எழுதப்பட்டிருப்பது குறைவு என்றார். குறைவுதான். 1977இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கருவுறக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துப் பரிசோதனைகளிலிருந்து விலக்கிவைக்க அறிவுறுத்தியது. தாலிடோமைடு குழந்தைகளின் நினைவு பின்னால் இருந்தது, அச்சம் பொய்யல்ல. ஆனால் 1993இல்தான் அந்த அறிவுறுத்தல் திரும்பப் பெறப்பட்டது. அந்த 16 ஆண்டுகளில் மாதச் சுழற்சியும் ஆய்வுக்கூடத்தின் வெளியே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நாள்களில் டோபமின் என்ன ஆகிறது, ஊக்கி மருந்தின் அளவு அப்போது போதுமா என்பதை நெதர்லாந்தில் ஒரு மருத்துவக் குழு 2023இல் எழுதியது. மாதவிடாய்க்கு முன் ஊக்கி மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டிப் பார்த்தார்கள். கவனமும் மனநிலையும் மேம்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 9 பேர். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு பிராட்லி இல்லத்தின் 9 சிறுமிகள் நினைவுக்கு வந்தார்கள்.

நான் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கியிருக்கிறேன். இடப்பக்கம் மாத்திரையும் அளவும் நேரமும், வலப்பக்கம் தூக்கம், நாடித்துடிப்பு, மாதவிடாய் நாள், அன்று திருத்தி முடித்த விடைத்தாள்களின் எண்ணிக்கை. எழுத மறந்த நாள்கள் நிறைய. அவை காலியாகவே இருக்கின்றன. போன முறை மருத்துவர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, காலி நாள்கள் பெரும்பாலும் மாதத்தின் எந்த வாரத்தில் வருகின்றன என்று எண்ணத் தொடங்கினார்.